சாமி உத்தரவில் சீவிய இன்ஜின்

என் தம்பி காசிமாயனுக்குக் கார் ஓட்டத் தெரியும். அதை நான் எங்கேயும் மறுத்துப் பேசியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காரத் தெரியும், ஹாரன் அடிக்கத் தெரியும், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் அவனுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் வராது.

கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போன கார் அது. இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு படுதா மட்டும் உண்டு. தரையோடு தரையாகக் கிடக்கும். ஏறக் குனிய வேண்டும், இறங்க யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டும். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி எங்கள் ஐயா விட்டுப்போன தோட்டத்தில் பாதியை வீட்டுமனைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்தான்.

"அக்கா, ஸ்போர்ட்ஸ் காரு. மதுரைக்கே ஒண்ணுதான்" என்றான்.

"ஆமாடா. மத்தவனுக்கெல்லாம் புத்தி இருக்கு, அதான் ஒண்ணோட நிக்குது" என்றேன்.

சிரித்தான். திட்டினால் கோபப்படுகிறவனைத் திருத்தலாம். திட்டினால் பல்லைக் காட்டுகிறவனை என்ன செய்வது?

நான் வாக்கப்பட்டது கீழக்குயில்குடியில், சமணர் மலை ஓரத்தில். கல்யாணமாகி ஒன்பது வருஷம் என் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. அந்த ஒன்பது வருஷமும் என் நாத்தனார் ராக்கம்மாள் தன் தம்பிக்கு வேறு பெண் பார்க்கிறேன் என்று ஊர் ஊராகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். என் புருஷன் சுருளி எதற்கும் வாய் திறக்காத மனுஷன். வேண்டும் என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். அப்புறம் ஒருவழியாக ஒச்சம்மாள் பிறந்தாள். ராக்கம்மாளின் பஸ் பயணம் நின்றது, வாய் மட்டும் நிற்கவில்லை.

ஒச்சம்மாளுக்கு மூன்று வயசில் மொட்டை போட்டுக் காதுகுத்த நாள் பார்த்தோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் காது பெரிதில்லை, மடிதான் பெரிது. தாய்மாமன் சீர்வரிசையோடு வந்து, பிள்ளையைத் தன் மடியில் வைத்து, அந்த மடியில்தான் குத்த வேண்டும். அம்மாவும் ஐயாவும் போய்ச் சேர்ந்தபிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்த ஒருத்தன். இவன் மடி சபையில் வந்து உட்கார்ந்தால் எனக்கும் கேட்க ஆள் இருக்கிறது என்று ஊர் பார்க்கும். உட்காராவிட்டால் நான் நாதியற்றவள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக ராக்கம்மாள் இத்தனை வருஷமாக நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சீர்த்தட்டு, தங்கத் தோடு, கிடா எதுவும் எனக்குப் பெரிசாகப் படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த மடி.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். தம்பிக்கு அந்த வருஷம் தையிலேயே கிறுக்குப் பிடித்திருந்தது. மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் கார் ரேஸ் நடக்கிறதென்று போனவன், திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தான். சாப்பிடும்போதுகூட இடது கையால் கியர் மாற்றுகிறான். பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் மோட்டார் புத்தகம் ஒரு கட்டு வாங்கி வந்து படம் பார்த்தான். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல விளாங்குடி டீக்கடையில் நாலு வெட்டிப்பயல்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி தலையை ஆட்டத் தெரியும்.

"இந்த இன்ஜின் பத்தாதுக்கா. டியூன் பண்ணணும்" என்றான்.

"என்ன பண்ணணும்?"

"கம்பெனிக்காரன் குடுத்தத நம்ம இஷ்டத்துக்கு மாத்துறது."

காதுகுத்துக்குத் தாம்பாளம் எடுக்க நான் மதுரைக்குப் போனபோது, தாம்பாளக் கடைக்கு என்று சொல்லி என்னை அந்தக் காரில் ஏற்றி நேராக அவனியாபுரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினான். என் கொண்டை அவிழ்ந்து, வாயெல்லாம் புழுதி. இறங்கியது சங்கிலி என்கிற மெக்கானிக்கின் பட்டறை. சங்கிலி ஆள் வாட்டசாட்டம், பேச்சு அதைவிட வாட்டசாட்டம். ஒவ்வொரு வண்டியையும் தானே பெற்று வளர்த்தது போலப் பேசுவார். எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் தொடுவார்.

"அக்காட்ட சொல்லுங்கண்ணே, அக்கா கேக்கட்டும்" என்றான் தம்பி.

"ரெண்டு வழி இருக்கு தாயி" என்று தொடங்கினார் சங்கிலி. "ஒண்ணு, ரெட்டைக் கார்புரேட்டர். இப்ப பெட்ரோலும் காத்தும் ஒரு வழியா உள்ள போகுது. ரெண்டு வழியா விட்டம்னா இன்ஜின் நல்லாச் சாப்ட்டு நல்லா ஓடும். எங்கிட்ட ஒரு ஜோடி சும்மாதான் கெடக்கு."

அந்த ஜோடியைப் பார்த்தேன். மூலையில் ஒரு தகரப்பெட்டியில் கிடந்தது. அதன்மேல் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அது வேணாம்க்கா" என்றான் தம்பி. "ரெண்டாவதுதான் விஷயம். ஹெட்டைச் சீவுறது. இன்ஜின் தலையில ஒரு நூல் கனம் இழைச்சு எடுத்துட்டா உள்ள எடம் குறையும். எடம் குறைஞ்சா வெடி அழுத்தமா வெடிக்கும். வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

"போகும்" என்றார் சங்கிலி. "கூடவே சூடும் ஏறும். நம்மூரு வெயிலும் நம்மூரு பெட்ரோலும் அதுக்குத் தோதில்ல. அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன். கார்புரேட்டர்னா சொல்லு, நாளைக்கே மாட்டித் தாரேன்."

"ரெண்டும் செய்யாம சும்மா விட்டா என்ன?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைக் கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒருத்தருக்குக் கோழிக்கடியில் கிடப்பது விலை போக வேண்டும், இன்னொருத்தனுக்குப் புத்தகத்தில் பார்த்த படம் நடக்க வேண்டும். நன்றாக ஓடுகிற வண்டியை நன்றாக ஓடுகிறது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

"அப்படி எங்கடா போகணும் இம்புட்டு வேகமா?"

"எங்கயும் போக வேணாம்க்கா. போக முடியும்னு இருக்கணும்" என்றான்.

தோட்டத்தை விற்ற வாய் பேசுகிறது பாருங்கள். எனக்கு அங்கேயே ஒரு ஸ்பானரை எடுத்து அவன் மண்டையில் போடலாம் போல இருந்தது. தாம்பாளக் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

இதையே இரண்டு மாசம் அரைத்தான். சங்கிலி சீவ மாட்டேன் என்கிறார், இவன் கார்புரேட்டர் வேண்டாம் என்கிறான். டீக்கடையில் ஒரு கட்சி கார்புரேட்டர், ஒரு கட்சி ஹெட்டு. பிள்ளையின் காதுக்குத் தோடு என்ன அச்சில் அடிக்கலாம் என்று ஆள் விட்டுக் கேட்டேன். "ரெட்டைக் கார்புரேட்டர்ல நடு ரோட்டுல பெட்ரோல் தீர்ந்துடுமாம்க்கா" என்று பதில் வந்தது. இவனை நம்பி நான் காதுகுத்து வைத்திருக்கிறேன்!

சித்திரையில் ஒருநாள் சங்கிலியைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து இறங்கினான்.

"பூப் போட்டுப் பாத்துருவோம்க்கா. சாமி சொல்லட்டும். சாமி சொன்னா செய்றேன்னு சங்கிலியண்ணன் ஒத்துக்கிட்டாரு."

எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் பூப் போட்டுக் கேட்பது உண்டு. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், வாழை இலையில் மடித்து நாரால் கட்டி அய்யனார் முன்னால் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. கிணறு வெட்டலாமா, இந்த இடத்தில் பெண் கொடுக்கலாமா, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்கலாமா என்று கேட்பார்கள். இன்ஜின் தலையைச் சீவலாமா என்று அந்த அய்யனாரிடம் அதுவரை ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். பூசாரி காளைக்கே முதலில் விளங்கவில்லை. "யாரு தலைய?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கேட்டதிலாவது ஒழுங்கு உண்டா? சிவப்பு வந்தால் ஹெட்டைச் சீவ வேண்டும், வெள்ளை வந்தால் ரெட்டைக் கார்புரேட்டர். சும்மா விடு என்று சொல்ல சாமிக்கு ஒரு பொட்டலம் கிடையாது. ஒச்சம்மாளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். தகவல் தெரிந்து ராக்கம்மாளும் பின்னாலேயே வந்து நின்றாள். எங்கள் வீட்டுக் கூத்தென்றால் அவள் விட மாட்டாள்.

"நான் கட்டுறேன், குடுடா" என்றேன்.

"வேணாம்க்கா, நான் குளிச்சுட்டுச் சுத்தபத்தமா வந்திருக்கேன்" என்று பூவையும் இலையையும் வாங்கிக்கொண்டு ஆலமரத்துக்கு அந்தப்பக்கம் போனான். இரண்டு பொட்டலத்தோடு வந்தான். காளை அவற்றைக் குலுக்கிப் படியில் வைத்துச் சூடம் காட்டினார். ஒச்சம்மாளை இறக்கிவிட்டேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனாள், காளை பிடுங்கிப் பிரித்தார். சிவப்பு அரளி.

தம்பி கைதட்டிக் குதித்தான். சங்கிலி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அய்யனாரே சொல்லிட்டாரு, இனி நான் யாரு?" என்றார். இன்னொரு பொட்டலத்தைக் குளத்தில் போட வேண்டும் என்று காளை சொன்னார். "நான் போடுறேன்" என்று வாங்கினான் தம்பி. வாங்கினவன் போட்டானா? காரைச் சுற்றி நின்றவர்களுக்குச் சாமி உத்தரவை விளக்குகிற அவசரத்தில் குளத்துப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

நான்தான் எடுத்தேன். நார் இளகியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு அரளி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படுபாவி! மனுஷனை ஏமாற்றலாம், மெக்கானிக்கை ஏமாற்றலாம், அய்யனாருக்கே நாமம் போட்டிருக்கிறான், அதுவும் என் பிள்ளையின் கையை வைத்து. அங்கேயே கூப்பிட்டுச் செவிட்டில் அறைந்திருப்பேன். ஆனால் ஆலமரத்தடியில் ராக்கம்மாள் நிற்கிறாள். இது அவள் காதில் விழுந்தால் காதுகுத்துச் சபையில் என் பிறந்த வீட்டுக்கு அவள் வைக்கும் பெயர் என்ன என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தை மடித்துக் குளத்தில் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்தேன். அவனிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மறக்கவுமில்லை.

சாமி உத்தரவாயிற்றே, சங்கிலி தாராளமாகவே சீவினாராம். ஒரு நூல் போதும் என்ற இடத்தில், "அய்யனாரு குடுத்தது, கஞ்சத்தனம் பண்ணாதீங்கண்ணே" என்று தம்பி பக்கத்தில் நின்று இன்னொரு நூல் எடுக்கச் சொல்லியிருக்கிறான். கார் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுக்குகிற சத்தம். வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பி உருவினான். கார் நிற்கவில்லை. சாவி அவன் கையில் இருக்கிறது, கார் தன் பாட்டுக்கு உதறிக்கொண்டு ஓடுகிறது. உதறி உதறி, ஒரு பெரிய தும்மல் போட்டு, அப்புறம்தான் அடங்கியது.

"பாத்தியாக்கா? நிப்பாட்டினாலும் நிக்க மாட்டேங்குது. அம்புட்டு பவரு!" என்றான்.

நான் அவனை உட்கார வைத்துச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு சொன்னேன்: "தம்பி, காதுகுத்துக்கு மட்டும் இதுல வராத. சீர்த்தட்டோட விருமாண்டியண்ணன் டிராக்டர்ல ஏறி வந்துரு. உனக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

விருமாண்டியண்ணன் எங்கள் பெரியப்பா மகன். விளாங்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறார். சீர் ஏற்றிவர அந்த டிராக்டரைத்தான் பேசியிருந்தோம்.

"தாய்மாமன் டிராக்டர்ல வர்றதா?" தம்பிக்கு மீசை துடித்தது. "அது எரு ஏத்துற வண்டிக்கா. அவரோட நான் கிடாவுக்குப் பக்கத்துல உக்காந்து வரணுமா? ஒச்சம்மா தலையில அடிச்சுச் சொல்றேன், சீருக்கு முன்னால என் வண்டி வந்து நிக்கும்."

பிள்ளை தலையில் நிஜமாகவே கையை வைத்தான். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது எனக்கு.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்தி முடிக்க வேண்டும். கோயில் ஆலமரத்தடியில் பந்தல், மைக்செட்டு, அண்டா அண்டாவாகச் சோறு. ஒச்சம்மாளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, அவள் அழுது ஓய்ந்து என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். காதுகுத்தும் ஆசாரி பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பது மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. மேளத்தோடு போய் எதிர்கொண்டோம். எங்கள் பெரியப்பா வீட்டுப் பெண்கள் தட்டும் தாம்பாளமுமாக இறங்கினார்கள். கிடா இறங்கியது. விருமாண்டியண்ணன் இறங்கினார். தம்பியைக் காணோம்.

"காசி எங்கண்ணே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார். "காளவாசல் தாண்டி, தேனி ரோட்டுல நிக்கிறான் ஆத்தா. வண்டி சூடாகிப் பொகை கக்கிக்கிட்டு நிக்குது. தண்ணி ஊத்துறான், ஊத்த ஊத்தக் கொதிக்குது. ஏறுடா தம்பின்னு கையப் புடிச்சு இழுத்தேன். நீங்க போங்கண்ணே, ஆறினதும் பறந்து வந்து உங்களுக்கு முன்னால நிப்பேங்கிறான்."

"தாய்மாமன் இல்லாம சீர் மட்டும் வந்துருக்காக்கும்" என்று ராக்கம்மாள் மைக்செட்டையும் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

காத்திருந்தோம். என் புருஷன் கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் ஏறி வந்திருந்தால்கூட இந்நேரம் இரண்டு தடவை வந்து போயிருக்கலாம். நடந்தே வந்திருந்தால் நாகமலையைத் தாண்டியிருக்கலாம். ஆனால் நடந்து வந்தால் கார் பின்னால் வராதே! என் பிள்ளைக்கு மடி கொடுக்க வேண்டியவன், ஒரு தகரத்துக்கு விசிறிக்கொண்டு நிற்கிறான். எனக்கு அழுகை வந்தது. ராக்கம்மாள் பார்க்கிறாள் என்பதால் பிள்ளையின் மொட்டையில் சந்தனத்தைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

பத்து மணிக்கு ராக்கம்மாள் நடுப்பந்தலில் வந்து நின்றாள். "நேரம் போகுதுல்ல? எங்க ஐயா மடியில வச்சுக் குத்துங்க. பொறந்த வீட்டு நாதி இல்லாதவளுக்கு வேற என்ன செய்றது?"

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். அவள் அப்பா, என் மாமனார் சிவனாண்டி, தர்மசங்கடமாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் மடியில் என் மகளுக்குக் காது குத்தினால், அவள் பெரியவளாகி, கல்யாணமாகி, பேரப்பிள்ளை எடுக்கும் வரை ஊர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"மாமா, விருமாண்டியண்ணன் இருக்காகள்ல. எனக்கு அண்ணன் முறைதான். அவுக மடியில வைக்கலாம்" என்றேன்.

விருமாண்டியண்ணன் பதறினார். "கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கப்ப நான் எப்படி ஆத்தா? நாளைக்கு என்னைய விட்டுட்டுச் செஞ்சுட்டாகன்னு காசி சண்டைக்கு வந்தா என்ன செய்றது? பங்காளிக்குள்ள பகையாயிரும்."

சபையில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"பூப் போட்டுக் கேப்போம்" என்றேன். "காசிக்குக் காத்திருக்கணுமா, விருமாண்டியண்ணன் மடியில வைக்கலாமா? சாமி சொன்னதுக்கப்புறம் யாரும் பேச முடியாதுல்ல?"

"நல்ல வார்த்தை" என்று மாமனார் எழுந்தார். அவருக்கு வேறு வழி கிடைத்த நிம்மதி. "சிவப்பு வந்தா விருமாண்டி. வெள்ளை வந்தா காத்திருக்கலாம், ராகுகாலம் போயி மத்தியானம் குத்திக்கலாம்."

"நான் கட்டுறேன்" என்றேன். "தலைக்குக் குளிச்சிருக்கேன்."

காளையின் தட்டிலிருந்து சிவப்பு அரளியும் வெள்ளை நந்தியாவட்டையும் எல்லாரும் பார்க்க எடுத்துக்கொண்டேன். இலையும் நாரும் வாங்கிக்கொண்டு ஆலமரத்துக்கு அந்தப்பக்கம் போனேன். தம்பி போன அதே பக்கம். ஒரு பொட்டலத்தில் சிவப்பு வைத்துக் கட்டினேன். இன்னொன்றிலும் சிவப்பு வைத்துக் கட்டினேன். வெள்ளையைக் கொண்டையில் செருகிக்கொண்டேன். அய்யனாரே, உனக்கு இது பழக்கம்தானே என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

காளை குலுக்கி வைத்தார். ஒச்சம்மாள் போன தடவை மாதிரியே ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனாள். பிரித்தார். சிவப்பு.

"சொல்லிட்டாருப்பா!" என்று சபை குலவை போட்டது. ராக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வேறு என்ன செய்வாள்? இன்னொரு பொட்டலத்தை நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். விருமாண்டியண்ணன் குளத்தில் கை கால் கழுவி, துண்டை இடுப்பில் கட்டி, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒச்சம்மாளைத் தூக்கி அந்த மடியில் வைத்தேன். டீசல் வாடை அடிக்கிற மடி. அவள் அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார், அவள் வீறிட்டாள், மறு காதையும் குத்தி முடித்தார். ராகுகாலம் பிறக்கவில்லை.

பந்தி போட்டார்கள். தாய்மாமனுக்கு முதல் பந்தியில் முதல் இலை. விருமாண்டியண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்தேன். பிள்ளை அவர் மடியிலேயே இருந்தாள்.

இரண்டாம் பந்தி நடக்கும்போது தகர டப்பாவில் கல் உருளும் சத்தம் கேட்டது. வந்துவிட்டான். மலைப்பக்கம் அந்தச் சத்தம் பட்டுத் திரும்பியது. காரின் மூக்கிலிருந்து ஆவி. இவன் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மைனர் செயின், பட்டுச்சட்டை முழுக்கக் கரி. பந்தலுக்கு முன்னால் வளைத்து நிறுத்தினான். நல்ல வேளை, அன்றைக்குச் சாவியைத் திருப்பியதும் கார் உடனே செத்துவிட்டது.

"வந்துட்டேன்க்கா!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தான். "எங்க ஒச்சம்மா? பலகை எங்க?"

விருமாண்டியண்ணன் மடியில் பிள்ளை இருப்பதைப் பார்த்தான். காதில் தோடு, தோட்டைச் சுற்றி மஞ்சள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"யாருக்கா குத்தச் சொன்னது? நான் இருக்கப்ப யாரு மடியில வச்சீக?" குரல் ஏறியது. "அண்ணே, எந்திரிங்க! இது என் மடில்ல? எவன் குடுத்தான் உங்களுக்கு இந்த உரிமைய?"

விருமாண்டியண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். மாமனார் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார். "மாப்ள, கத்தாத. நாங்களா எதுவும் செய்யல. பூப் போட்டுக் கேட்டோம். அய்யனாரு சிவப்பு குடுத்தாரு."

"பூவா?"

"ஆமாடா தம்பி" என்றேன். "சாமி சொன்னா மறுக்க முடியுமா? நீயே சொல்லு."

முந்தானையை அவிழ்த்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இன்னொண்ணு இருக்கு. குளத்துல போட்டுட்டு வா. மறந்து படியில வச்சுட்டு வந்துராத."

அவன் அதை வாங்கிக்கொண்டு குளத்துப் படிக்குப் போனான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாரை அவிழ்ப்பது தெரிந்தது. வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் கொண்டையில் கையை வைத்து அந்த நந்தியாவட்டையைச் சரி செய்துகொண்டேன்.

கத்துவான் என்று ஒரு நிமிஷம் பயந்தேன். எப்படிக் கத்துவான்? ரெண்டிலும் சிவப்பு என்று சபையில் சொன்னால், உனக்கு எப்படிடா தோன்றியது பிரித்துப் பார்க்க என்று கேட்பார்கள். அன்றைக்கும் பொட்டலம் கட்டியது நீதானே என்று சங்கிலி கேட்பார். அவரும் பந்தியில்தான் இருந்தார், எலும்பைக் கடித்துக்கொண்டு. தம்பி பூவை மறுபடி இலைக்குள் வைத்து மடித்து, நாரைச் சுற்றி, தண்ணீரில் விட்டான். அது மிதந்து போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கூடப்பிறந்தவள் நான். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

இனி ஒச்சம்மாள் பெரியவளானால் முதல் தட்டு விருமாண்டியண்ணன் தட்டு, கல்யாணத்தில் முதல் மாலை அவர் மாலை. அந்த மடி கைமாறிவிட்டது. அய்யனாரே கொடுத்ததை அய்யனாரேதான் திரும்ப வாங்க முடியும்.

தம்பி திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"வெயில்ல வந்திருக்க, சாப்ட்டுப் போ தம்பி" என்றேன். "மூணாம் பந்திக்கு இலை போடுறாக."